கூண்டுக்குள் காமரஸ்: ஆற்று உலோகத்தை அளக்க பிரான்ஸ் கையாண்ட வழி

பின்னணி

1974-இல் பிரான்ஸ் தன் கடற்கரை முழுவதற்குமாக ஒரு கண்காணிப்பு அமைப்பை ஏற்படுத்தியது. 1979 முதல் அதன் வேலைகளில் ஒன்று, ஆளிகளையும் (மஸ்ஸல் என்ற ஈரோட்டு உயிர்) சிப்பிகளையும் எடுத்து அவற்றின் சதையில் எவ்வளவு உலோகம் சேர்ந்திருக்கிறது என்று அளப்பது. நாட்டின் தென்மேற்கில் உள்ள ஜிரோண்ட் கழிமுகத்துச் சிப்பிகளில் காட்மியம் என்ற நச்சு உலோகம் மற்ற இடங்களைவிட வெகு அதிகமாக இருந்தது.

காரணம் கழிமுகத்தில் இல்லை. கரோன் ஆற்றில் மேலேறி, அதில் வந்து சேரும் லாட் ஆற்றில் இன்னும் மேலேறி, லாட்டில் விழும் ரியூ மோர் என்ற சிற்றோடை வரை போக வேண்டியிருந்தது. முந்நூறு கிலோமீட்டருக்கு மேல். அந்த ஓடையோரம், விவியே என்ற ஊரில், பத்தொன்பதாம் நூற்றாண்டிலிருந்து ஒரு துத்தநாக ஆலை இயங்கி வந்தது. துத்தநாகத் தாதுவோடு காட்மியமும் ஒட்டிக்கொண்டே வரும். ஆலைக் கழிவுக் குவியல்களிலிருந்து கசிந்த நீர் ஓடைக்குள் போய், ஓடையிலிருந்து ஆற்றுக்குப் போய், அணைகளுக்குப் பின்னால் வண்டலாகப் படிந்து, வெள்ளம் வரும்போதெல்லாம் கிளம்பிக் கடலை நோக்கி நகர்ந்தது. 1986-இல் அங்கே ஒரு விபத்தில் காட்மியம் கலந்த நீர் பெருமளவில் ஓடைக்குள் பாய்ந்தது. 1987-இல் தாதுவைப் பதப்படுத்துவதை நிறுத்தினார்கள். ஆனாலும் கழிமுகத்துச் சிப்பி உடனே தேறிவிடவில்லை. ஆற்றின் அடியில் கிடந்த வண்டல் எங்கும் போகவில்லையே.

இந்தச் சம்பவத்தில் என்னை உறுத்துவது ஒன்றுதான். பிரச்சினையை எல்லோர் கண்ணிலும் படும்படி காட்டியது ஆற்றின் கடைசி முனையில் இருந்த ஓர் உயிரினம். ஓடைக்கும் கழிமுகத்துக்கும் இடையே அத்தனை நீளத்துக்கு ஆறு ஓடுகிறது. அதில் சிப்பியின் வேலையைச் செய்ய யாரும் இல்லை. கடலில் உலோகத்தைப் பிடிக்க ஆளி இருக்கிறது. மலையோர ஓடையில் என்ன இருக்கிறது?

இந்தக் கேள்விக்கு பிரெஞ்சு ஆய்வாளர்கள் கண்ட பதில், இறால், நண்டு வகையறாவான ஓட்டுடலிகளைச் சேர்ந்த, ஒரு சென்டிமீட்டர் நீளமுள்ள ஒரு சிற்றுயிர். பெயர் காமரஸ் ஃபொஸாரம். லியோன் நகரை ஒட்டிய வில்லர்பானில் இயங்கும் ஆய்வுக்கூடம்தான் இதன் மையம். முன்பு இர்ஸ்தியா என்ற நிறுவனத்தின் கீழ் இருந்தது. 2020-இல் அது இன்ரா நிறுவனத்தோடு இணைந்த பிறகு இன்ரே என்ற பெயரில் இயங்குகிறது. அவர்கள் அந்த உயிரினத்தை ஓர் அளவுக் கருவியாக மாற்றிய விதத்தைத்தான் இங்கே பார்க்கப் போகிறோம்.

நீரை மட்டும் மொண்டு அளந்தால் என்ன?

அளக்கலாம், அளக்கவும் வேண்டும். ஆனால் ஒரு பாட்டில் நீர் அந்த நிமிடத்து ஆற்றைத்தான் சொல்லும். நள்ளிரவில் திறந்துவிட்ட கழிவும், முதல் மழையில் சாலையிலிருந்து அடித்து வந்த துத்தநாகமும் காலை பத்து மணிக்குக் கடந்து போயிருக்கும். ஒவ்வொரு மணி நேரமும் தானாக மாதிரி எடுக்கும் கருவி வைக்கலாம். செலவு ஒருபுறம் இருக்கட்டும், அப்போதும் அடுத்த சிக்கல் தீராது.

அந்தச் சிக்கல் கொஞ்சம் நுட்பமானது. நீரில் கரைந்துள்ள உலோகம் முழுவதும் உயிரினத்தின் உடலுக்குள் போவதில்லை. அழுகிய இலைதழையிலிருந்து வரும் கரிமப் பொருள் தாமிரத்தைப் பிடித்துக்கொள்ளும். பிடிபட்ட தாமிரம் செவுளில் எளிதாக ஒட்டாது. சுண்ணாம்புப் பாறை வழியாக வரும் கடின நீரில் கால்சியம் அதிகம். காட்மியமும் அதே நுழைவாயிலுக்காகக் கால்சியத்தோடு போட்டி போட வேண்டியிருக்கும். கருங்கல் பகுதியின் மென்னீரில் அந்தப் போட்டி இல்லை. ஆக, ஒரே அளவு காட்மியம் இரண்டு ஓடைகளில் இரண்டு விதமாக வேலை செய்யும்.

ஐரோப்பியச் சட்டமே இதை ஒப்புக்கொள்கிறது. உள்நாட்டு நீர்நிலைகளில் காட்மியத்துக்கான ஆண்டுச் சராசரி வரம்பு ஒரே எண்ணாக இல்லை. மிக மென்மையான நீருக்கு லிட்டருக்கு 0.08 மைக்ரோகிராம்; மிகக் கடினமான நீருக்கு 0.25 வரை போகிறது. 2013-இல் வந்த திருத்தத்தில் நிக்கலுக்கு 4 மைக்ரோகிராம், ஈயத்துக்கு 1.2 மைக்ரோகிராம் என்று வைத்தபோது, இரண்டும் உயிருக்கு எட்டும் பங்கையே குறிக்கும் என்று சொல்லிவிட்டார்கள். அந்தப் பங்கைச் சூத்திரம் போட்டுக் கணக்கிடலாம். ஓர் உயிரையே கேட்டும் பார்க்கலாம்.

ஏன் இந்த உயிர்

ஐரோப்பாவின் குளிர்ந்த ஓடைகளில் ஒரு கல்லைப் புரட்டினால், பக்கவாட்டில் தட்டையான, வளைந்த உடலோடு, ஒருக்களித்தபடி விருட்டென்று ஓடுவது காமரஸ். கரையோர மரங்களிலிருந்து விழும் இலைகளை மென்று துண்டாக்குவது அதன் பிழைப்பு. அது துண்டாக்கினால்தான் அடுத்தடுத்த சிற்றுயிர்களுக்கு உணவு கிடைக்கும். அதையே மீன்கள் தின்னும். ஓடையின் நடுவில் உட்கார்ந்திருக்கும் விலங்கு என்று சொல்லலாம்: நீரிலிருந்து செவுள் வழியாகவும், இலையிலிருந்து குடல் வழியாகவும், இரண்டு பக்கமும் உலோகம் உள்ளே வரும்.

நீர்த்தெள்ளு என்று அழைக்கப்படும் டாப்னியாவை ஏன் எடுக்கவில்லை என்று கேட்கலாம். ஆய்வகச் சோதனைகளில் டாப்னியாதான் முதல் பெயர். அது இயக்கம் இழப்பதை அளப்பதற்கும், 21 நாள் இனப்பெருக்கத்தை அளப்பதற்கும் உலகம் ஒத்துக்கொண்ட நெறிமுறைகள் இருக்கின்றன. ஆறுகளிலும் அதற்கு வேலை உண்டு. 1986 நவம்பர் 1 அன்று ஸ்விட்சர்லாந்தின் பாசல் அருகே ரசாயனக் கிடங்கு எரிந்து, தீயணைத்த நீரோடு பூச்சிக்கொல்லிகள் ரைன் ஆற்றில் கலந்து விலாங்குகள் கொத்துக் கொத்தாகச் செத்தன. அதன் பிறகு ரைன் கரை நிலையங்களில் டாப்னியாவின் நீச்சலை இடைவிடாமல் கவனிக்கும் கருவிகள் வந்தன. ஆனால் அது எச்சரிக்கை மணி. நேற்று வரை என்ன சேர்ந்தது என்பதை டாப்னியா சொல்லாது. தவிர, அது குளத்து உயிர். ஓடும் நீர் அதற்கு இயல்பான வீடில்லை.

கூண்டு வேலை

ஓடையில் ஏற்கெனவே வாழும் காமரஸைப் பிடித்து அளப்பது எளிது. ஆனால் அதில் ஓர் அடிப்படைக் கோளாறு இருக்கிறது. மிகக் கெட்டுப்போன இடத்தில் காமரஸே இருக்காது, அதாவது அளக்க வேண்டிய இடத்தில் அளவுகோல் இல்லை. இருக்கிற இடத்திலும் அது எத்தனை நாளாக அங்கே இருக்கிறது, எந்த வயது, எந்தக் கிளை இனம் என்பது தெரியாது. காமரஸ் ஃபொஸாரம் என்று நாம் அழைப்பதே, வெளித்தோற்றத்தில் பிரித்தறிய முடியாத பல மரபுவழிகளின் தொகுப்பு. போதாக்குறைக்கு, தலைமுறை தலைமுறையாக உலோகத்தோடு வாழ்ந்த கூட்டம் அதைத் தாங்கப் பழகியிருக்கலாம். அந்தக் கூட்டத்தின் சொல்லை மற்றொரு ஓடைக் கூட்டத்தின் சொல்லோடு ஒப்பிடுவது எப்படி?

எனவே பிரெஞ்சுக் குழு விலங்கை ஓடையில் தேடவில்லை. ஓடைக்கு விலங்கைக் கொண்டுபோனது. சுத்தமானது என்று தெரிந்த ஒரே மூல ஓடையிலிருந்து காமரஸை வலையில் பிடித்து, சல்லடையில் அளவு பார்த்துப் பிரித்து, ஆய்வகத்தில் நிலத்தடி நீரில், குளிர்ந்த நிலையில், ஆல்டர் மரத்து இலை கொடுத்துச் சில வாரங்கள் பழக்குகிறார்கள். தராசுக்கு எடைக்கல் எப்படியோ அப்படித்தான் இந்த மூலக் கூட்டம். எல்லா ஊரிலும் ஒரே கல்லால் நிறுத்தால்தான் எடைகளை ஒப்பிட முடியும்.

அப்புறம் ஆண் காமரஸை மட்டும் பொறுக்குகிறார்கள். இதற்குக் காரணம் உண்டு. பெண்ணின் உடல் சினைப்பை முதிர்வதற்கும் தோலுரிப்பதற்கும் ஏற்றபடி மாறிக்கொண்டே இருக்கும். முட்டை சுமக்கும்போது எடையும் மாறும், உணவும் மாறும். ஆணிடம் இந்த ஏற்ற இறக்கம் குறைவு. ஒரு சென்டிமீட்டர் உயிரில் ஆண் பெண் பார்ப்பது எப்படி என்றால், அதற்கு அதன் பழக்கமே உதவுகிறது. இணை சேரும் முன் ஆண் பெண்ணைக் கீழே பிடித்துக்கொண்டு நாள் கணக்கில் சுமந்து திரியும். பெண் தோலுரித்த உடனேதான் இணைசேர்வு நடக்கும் என்பதால் அந்தக் காவல். இரண்டிரண்டாக ஒட்டி நீந்துவதைப் பிடித்து, மெல்லப் பிரித்தால் மேலே இருந்தது ஆண்.

பொறுக்கும்போது இன்னொன்றும் பார்க்க வேண்டும். சில காமரஸின் உடலுக்குள் ஆரஞ்சு நிறத்தில் ஒரு புள்ளி தெரியும். அது முள்தலைப் புழுவின் இளம் பருவம். மீனின் வயிற்றுக்குள் போகக் காத்திருக்கும் ஒட்டுண்ணி. புழு ஏறிய காமரஸ் வெளிச்சத்தைக் கண்டு ஒளிவதற்குப் பதில் வெளிச்சத்தை நோக்கியே போகும். அதன் உடலில் உலோகம் சேரும் கணக்கும் மாறக்கூடும். அப்படிப்பட்டவற்றை எடுத்து ஒதுக்கிவிட வேண்டும். சிறிய விஷயம்தான், ஆனால் இந்த முறை முழுவதும் இப்படிப்பட்ட சிறிய விஷயங்களால் ஆனது.

கூண்டு என்பது பாலிபுரொப்பிலீன் உருளை. பத்து சென்டிமீட்டர் நீளம், ஐந்தரை சென்டிமீட்டர் விட்டம், இரண்டு முனையிலும் ஒரு மில்லிமீட்டர் கண் உள்ள வலை. உலோகத்தை அளக்கப் போகும் வேலையில் கூண்டு உலோகமாக இருக்கக் கூடாது என்பதைச் சொல்லத் தேவையில்லை. உருளைக்கு இருபது காமரஸ் என்ற கணக்கில் போட்டு, தின்ன ஆல்டர் இலையும் வைத்து மூடுகிறார்கள். உணவு வைக்காவிட்டால் அவை ஒன்றையொன்று தின்னத் தொடங்கும். உருளைகளைப் பெரிய பெட்டிக்குள் அடுக்கி, நீரோட்டம் அடித்துக்கொண்டு போகாத, ஆனால் நீர் தேங்காத இடமாகப் பார்த்து ஆற்றில் கட்டுகிறார்கள். கூடவே வெப்பநிலையைப் பதியும் சிறு கருவியும் ஒன்று போகும். அதன் அவசியம் பின்னால் தெரியும்.

ஒரு வாரம் அப்படியே விடுகிறார்கள். சில வேலைகளுக்கு மூன்று வாரம் வரை. எடுத்த உடனே உயிரோடு இருப்பவற்றை எண்ணி, ஈரம் ஒற்றி, உறைய வைக்கிறார்கள். ஆய்வகத்தில் உறைநிலையிலேயே உலர்த்தி, நைட்ரிக் அமிலத்தில் கரைத்து, மிக நுண்ணிய அளவு உலோகத்தையும் காட்டும் ஐசிபி-எம்எஸ் என்ற கருவியில் அளக்கிறார்கள். ஒரு காமரஸின் உலர் எடை சில மில்லிகிராம்தான் என்பதால் பலவற்றைச் சேர்த்தே ஒரு மாதிரியாக்க வேண்டும். அளவு சரியா என்று பார்க்க, உலோக அளவு முன்கூட்டியே உறுதி செய்யப்பட்ட பொருள் ஒன்றையும் அதே அமிலத்தில் கரைத்து ஓட்டுவது இந்தத் துறையில் வழக்கம். கனடாவின் தேசிய ஆய்வுக் கழகம் கல் இறாலின் கல்லீரல்-கணையப் பொடியை இதற்கென்றே தயாரித்துத் தருகிறது. ஓட்டுடலியை அளக்க இன்னோர் ஓட்டுடலியே சாட்சி.

குடலைப் பற்றி ஒரு வார்த்தை. காமரஸின் குடலில் இருக்கும் இலைத்துணுக்கும் வண்டலும் உடலுக்குள் சேர்ந்த உலோகம் அல்ல. ஆனால் அரைத்துக் கரைத்தால் கணக்கில் வந்துவிடும். ஒட்டும் உலோகமான ஈயத்தில் இது பெரிய வேறுபாட்டைத் தரலாம். அதனால் சிலர் பிடித்தவற்றை ஒரு நாள் சுத்த நீரில் விட்டுக் குடலைக் காலியாக்குகிறார்கள். அதற்குள் உடலிலிருந்து கொஞ்சம் வெளியேறிவிடுமே என்று சிலர் அப்படியே உறைய வைக்கிறார்கள். இரண்டுக்கும் நியாயம் இருக்கிறது. எதைத் தேர்ந்தெடுத்தாலும் எல்லா இடத்திலும் அதையே செய்ய வேண்டும்.

எண்ணை வாசிப்பது

கருவி ஓர் எண்ணைத் தந்துவிட்டது. ஒரு கிராம் உலர் எடையில் இத்தனை மைக்ரோகிராம். எல்லா உலோகத்தையும் ஒரே பார்வையில் படித்தால் தவறிவிடுவது இங்கேதான்.

தாமிரத்தை எடுத்துக்கொள்வோம். நம் ரத்தத்தில் இரும்பு செய்யும் வேலையைக் காமரஸின் ரத்தத்தில் தாமிரம் செய்கிறது. ஹீமோசயனின் என்ற புரதத்தில் இரண்டு தாமிர அணுக்கள் சேர்ந்து ஓர் ஆக்சிஜன் மூலக்கூறைப் பிடிக்கும். எனவே மாசே இல்லாத ஓடைக் காமரஸின் உடலிலும் கிராமுக்குப் பல பத்து மைக்ரோகிராம் தாமிரம் இருக்கும். நீரில் தாமிரம் கொஞ்சம் கூடினால் உடல் அதை வெளியேற்றிச் சமன் செய்துகொள்ளப் பார்க்கும். துத்தநாகமும் கிட்டத்தட்ட இதே கதை. நூற்றுக்கணக்கான நொதிகளுக்கு அது தேவை, ஆகவே உடல் அதைக் கட்டுப்பாட்டில் வைத்திருக்கும். இந்த இரண்டு உலோகத்திலும் உடலின் அளவு ஓரளவு வரை மட்டமாகவே போய், கட்டுப்பாடு உடைந்த பிறகுதான் எகிறும். ‘காமரஸில் துத்தநாகம் கூடவில்லை, எனவே ஆற்றில் துத்தநாகம் இல்லை’ என்று எழுதினால் அது தவறான அறிக்கை. அந்த உயிர் தன்னால் முடிந்தவரை சமாளித்துக்கொண்டிருக்கிறது என்பது மட்டுமே அதிலிருந்து தெரியும்.

லண்டன் இயற்கை வரலாற்று அருங்காட்சியகத்தின் பிலிப் ரெயின்போ இந்த வேற்றுமையைப் பல பத்தாண்டுகள் ஆராய்ந்தவர். பாறைகளில் ஒட்டி வாழும் பார்னக்கிள்கள் துத்தநாகத்தை வாங்கிக்கொண்டே போய் உடலுக்குள் துகள்களாகக் கட்டி வைக்கும். சில இறால்கள் அதை ஒரு மட்டத்தில் பிடித்து நிறுத்தும். இரண்டுமே ஓட்டுடலிகள்தான். ஒன்றில் கிடைத்த எண்ணை வைத்து மற்றொன்றைப் படிக்க முடியாது. இந்தப் பாடத்தை மனதில் வைக்காமல் எழுதப்பட்ட உயிர்க் கண்காணிப்பு அறிக்கைகள் மீது எனக்கு நம்பிக்கை வருவதில்லை.

காட்மியம் வேறு. அதற்கு இந்த உடலில் எந்த வேலையும் கிடையாது. அதன் அயனி கால்சியம் அயனியின் அளவுக்குக் கிட்டத்தட்டப் பொருந்துவதால் கால்சியத்தின் வாயில் வழியே நுழைந்துவிடும். தோலுரித்த காமரஸ் புது ஓட்டை இறுக்கக் கால்சியத்தை அவசரமாக உறிஞ்சும்போது காட்மியத்துக்கும் கதவு அகலத் திறக்கும். உள்ளே வந்ததை மெட்டலோதயோனின் என்ற கந்தகம் மிகுந்த சிறு புரதம் கவ்விப் பிடித்து, செரிமானச் சுரப்பியில் கொண்டுபோய் வைக்கும். வெளியேறுவது மெதுவாகத்தான். எனவே நீரில் கூடினால் உடலில் கூடும்; நேற்று வந்து போனதும் இன்று உடலில் இருக்கும். ஈயம், நிக்கல், பாதரசம் போன்றவற்றிலும் கூண்டுக் காமரஸ் இடத்துக்கு இடம் வேற்றுமையைக் காட்டுகிறது. ஈயத்தில் மட்டும் ஒரு பகுதி ஓட்டின் மேலேயே ஒட்டியிருக்கும், தோலுரிக்கும்போது ஓட்டோடு போய்விடும். அதையும் மனதில் வைக்க வேண்டும்.

சரி, காட்மியம் எவ்வளவு இருந்தால் அதிகம்? இந்தக் கேள்விக்கு லியோன் குழு எடுத்த வழிதான், என் கணிப்பில், இந்த வேலை முழுவதிலும் மதிப்பு மிக்கது. ரோன்-ஆல்ப்ஸ் பகுதியில் மலையோர ஓடை முதல் நகரம் கடக்கும் ஆறு வரை பல இடங்களில் ஒரே மூலக் கூட்டத்துக் கூண்டுகளை இறக்கினார்கள். வந்த எண்களை வரிசைப்படுத்தி, மாசு இல்லாத அல்லது குறைந்த இடங்கள் எங்கே குவிகின்றன என்று பார்த்து, அந்தக் குவியலின் மேல் எல்லையை ஒவ்வொரு பொருளுக்கும் ஒரு வாசலாக வைத்தார்கள். 2013-இல் வெளியான ஆய்வில் இது விரிவாக வந்தது. வாசலைத் தாண்டினால், இந்த இடத்தில் உயிருக்கு எட்டும் மாசு இருக்கிறது என்று பொருள். அதற்கு மேல் எவ்வளவு தாண்டியது என்பதை வைத்து இடங்களை வரிசைப்படுத்தலாம்.

வாசலைத் தாண்டுவது வேறு, விலங்குக்குக் கெடுதல் நேர்வது வேறு. இந்த இரண்டையும் குழப்பக் கூடாது. உடலில் மொத்தமாகச் சேர்ந்த உலோகம் நஞ்சின் அளவு ஆகாது. பெரும்பகுதி புரதத்தால் கட்டிப்போடப்பட்டுச் செயலற்றுக் கிடக்கலாம். உள்ளே வரும் வேகம், கட்டிப்போடும் வேகத்தையும் வெளியேற்றும் வேகத்தையும் மிஞ்சும்போதுதான் கெடுதல் தொடங்கும். இதையும் வலியுறுத்தியவர் ரெயின்போதான். ஆகவே எண்ணுக்குத் துணையாக இன்னொரு சாட்சி தேவைப்பட்டது.

பசியை அளப்பது

அந்தச் சாட்சி காமரஸின் பசி. உடல்நலம் கெட்டால் முதலில் குறைவது தீனி. பிரிட்டனில் ஷெஃபீல்டில் லொரேன் மால்ட்பியும் அவருடைய சகாக்களும் 1990 வாக்கிலேயே, துத்தநாகம் காமரஸ் பூலெக்ஸ் என்ற உறவு இனத்தின் ஆற்றல் வரவு-செலவை எப்படிக் குறைக்கிறது என்று காட்டியிருந்தார்கள். தின்பது குறைந்தால் வளர்ச்சிக்கும் குஞ்சு பொரிக்கவும் மிச்சம் இருக்காது. பின்னர் அவர்கள் அதையே ஆற்றில் கூண்டு வைத்துச் செய்தார்கள்.

செய்முறை எளிது. ஆல்டர் இலையிலிருந்து ஒரே அளவில் வட்டங்களை வெட்டி, எண்ணி, உருளைக்குள் போட வேண்டும். ஒரு வாரம் கழித்து மிஞ்சிய இலையை ஸ்கேன் செய்து பரப்பைக் கணக்கிட வேண்டும். ஓரங்களில் அரிப்பும், நரம்புகள் மட்டும் மிஞ்சிய சல்லடை வட்டங்களும், சில உருளைகளில் கிட்டத்தட்டத் தொடாத வட்டங்களும் இருக்கும். தின்ற பரப்பை உயிரோடு இருந்த காமரஸ்களுக்கும் நாட்களுக்கும் வகுத்தால் ஒன்றுக்கு ஒரு நாளைக்கு எவ்வளவு என்று வந்துவிடும்.

ஆனால் குளிர்ந்த நீரில் காமரஸ் இயல்பாகவே குறைவாகத் தின்னும். மார்ச் மாதத்து மலையோடையையும் ஜூன் மாதத்துச் சமவெளி ஆற்றையும் அப்படியே ஒப்பிட்டால் குளிரை மாசு என்று நினைத்துவிடுவோம். 2011-இல் வெளியான ஓர் ஆய்வில் லியோன் குழு வெப்பநிலையும் உடல் அளவும் தீனியை எப்படி மாற்றுகின்றன என்பதைச் சமன்பாடாக்கியது. கூண்டோடு போன வெப்பநிலைக் கருவி சொல்வதை வைத்து, மாசு இல்லாவிட்டால் இந்த வாரம் இந்த நீரில் எவ்வளவு தின்றிருக்க வேண்டும் என்று கணக்கிடலாம். உண்மையில் தின்றது அதைவிட எத்தனை சதவீதம் குறைவு என்பதுதான் முடிவு.

இப்போது ரியூ மோர் போன்ற ஓர் ஓடையை மனதில் வைத்து இரண்டு சாட்சிகளையும் சேர்த்துப் படித்துப் பார்க்கலாம். காட்மியம் வாசலைத் தாண்டியிருக்கிறது, தீனியும் சரிந்திருக்கிறது என்றால், மேலே எங்கே கசிகிறது என்று கூண்டுகளை ஓடையோரமாக மேல்நோக்கி நகர்த்தலாம். எந்தக் கிளை சேரும் இடத்தில் எண் விழுகிறதோ அந்தக் கிளைதான் குற்றவாளி. காட்மியம் கூடியும் தீனி இயல்பாக இருந்தால், உடல் இப்போதைக்குக் கட்டிப்போட்டு வைத்திருக்கிறது. ஒரு வாரக் கணக்கை நம்பி நிம்மதி அடையாமல் நீண்ட நாள் கூண்டு வைக்க வேண்டும். உலோகம் எதுவும் கூடாமல் தீனி மட்டும் விழுந்தால், பூச்சிக்கொல்லியையோ அம்மோனியாவையோ தேட வேண்டும். அல்லது துத்தநாகத்தையும் தாமிரத்தையும் மறுபடி பார்க்க வேண்டும். உடல் கட்டுப்படுத்திக்கொண்டிருக்கும், ஆனால் அந்தக் கட்டுப்பாட்டுக்கே ஆற்றல் செலவாகிக்கொண்டிருக்கும். மூன்றாவது நிலையைத்தான் அறிக்கைகளில் ஆட்கள் வேகமாகக் கடந்து போகிறார்கள் என்பது என் ஆதங்கம்.

எங்கே தடுமாறுகிறது

வெள்ளம் கூண்டைக் கொண்டுபோகும். மெல்லிய வண்டல் வலைக்கண்ணை அடைத்தால் உள்ளே ஆக்சிஜன் குறையும். அப்போது சாவதற்கு உலோகம் காரணமல்ல. உயிர்பிழைத்தவை மிகக் குறைந்துபோன கூண்டின் எண்ணை வாசிப்பதே ஆபத்து, ஏனென்றால் தாங்கியவை மட்டுமே மிஞ்சியிருக்கும்.

காமரஸ் ஃபொஸாரம் குளிர்நீர் விலங்கு. கோடையில் சூடாகும் பெரிய சமவெளி ஆறுகளில் அதைக் கொண்டுபோய் வைப்பது வருந்தத்தக்க வேலை; விலங்கு வெப்பத்தில் தவிப்பதையே அளப்போம். அங்கே உறவு இனங்களைப் பயன்படுத்தலாம். ஆனால் இனம் மாறினால் வாசலும் மாறும், தீனிச் சமன்பாடும் மாறும்.

ரைன், ரோன் போன்ற பெரிய ஆறுகளில் இன்னொரு மாற்றமும் நடந்திருக்கிறது. கருங்கடல், காஸ்பியன் பகுதியிலிருந்து கால்வாய்கள் வழியே வந்த டிகெரோகாமரஸ் வில்லோசஸ் என்ற பெரிய, மூர்க்கமான உறவினம் உள்ளூர்க் காமரஸ்களைத் தின்றே ஒழித்துவிடுகிறது. அப்படிப்பட்ட இடத்தில் உள்ளூர்க் காமரஸ் காணவில்லை என்பதை மாசுக்கு அடையாளமாக எடுத்தால் தப்பாகிவிடும். கூண்டு முறை இந்த இடத்தில் கைகொடுக்கிறது. ஒரு மில்லிமீட்டர் வலைக்கு வெளியே வேட்டையாடி நின்றுகொள்ளும்.

பாதரசத்தில் சட்டத்தோடு ஒரு பொருந்தாமை இருக்கிறது. ஐரோப்பிய விதி பாதரசத்தை நீரில் மட்டும் பார்க்காமல் உயிரினத்தில் பார்க்கச் சொல்கிறது: மீனில் கிலோவுக்கு 20 மைக்ரோகிராம், ஈர எடையில். மீன் பல ஆண்டு வாழும், உணவுச் சங்கிலியில் மேலே இருக்கும். ஒரு வாரம் கூண்டிலிருந்த காமரஸின் எண்ணை அந்த வரம்போடு நேரடியாக ஒப்பிட முடியாது. ஆனால் ஆற்றில் எந்த இடத்தில் பாதரசம் நுழைகிறது என்று கேட்டால், மைல் கணக்கில் நீந்தித் திரியும் மீனைவிடக் கட்டிவைத்த காமரஸின் பதில்தான் பயன்படும். இரண்டு கேள்விக்கும் இரண்டு விலங்கு வேண்டும்.

இன்றைய நிலை

கூண்டுக் காமரஸ் முறை பிரான்சில் ஆய்வகத்தைத் தாண்டிவிட்டது. நாட்டின் தர நிர்ணய அமைப்பான அஃப்நோர் இதற்கென ஆவணங்களை வெளியிட்டிருக்கிறது. இர்ஸ்தியாவின் ஆய்விலிருந்து கிளைத்த பயோமே என்ற நிறுவனம் காமரஸைத் தயார்செய்து அனுப்பி, திரும்பப் பெற்று அளந்து கொடுக்கும் சேவையை நடத்துகிறது. ஆறுகளின் வழக்கமான கண்காணிப்பிலும் சுத்திகரிப்பு நிலையங்களின் கழிவுநீர் விழும் இடங்களிலும் உருளைகள் போய்ச் சேர்கின்றன.

இதே முறையை வேறொரு நாட்டில் தொடங்க நினைப்பவர் காமரஸை வரவழைக்க வேண்டியதில்லை, வரவழைக்கவும் கூடாது. கூண்டு உடைந்தால் அந்நிய இனம் ஆற்றில் இறங்கிவிடும், டிகெரோகாமரஸின் கதை அங்கேயும் நடக்கும். வட அமெரிக்காவில் ஹயலெல்லா அஸ்டெகா என்ற, காமரஸின் வகையைச் சேர்ந்த உள்ளூர் ஓட்டுடலியை இதே வேலைக்குப் பயன்படுத்துகிறார்கள். தன் ஆற்றுப் படுகையிலேயே உள்ள ஓர் ஓட்டுடலியை எடுத்து, அது தாமிரத்தையும் துத்தநாகத்தையும் கட்டுப்படுத்துகிறதா, காட்மியத்தைச் சேர்க்கிறதா என்று முதலில் ஆய்வகத்தில் பார்க்க வேண்டும். அதன் தீனி வெப்பநிலையோடு எப்படி மாறுகிறது என்று பார்க்க வேண்டும். பிறகு முதல் கூண்டுகளைச் சுரங்கத்துக்கும் ஆலைக்கும் கீழே இறக்காமல், மாசு இல்லை என்று நம்பும் ஓடைகளில், கடின நீரிலும் மென்னீரிலும், குளிர்காலத்திலும் கோடையிலும் இறக்க வேண்டும். நிதி கொடுப்பவர்களுக்கு அந்த முதல் சுற்றில் காட்ட எந்தப் பரபரப்பான எண்ணும் இருக்காது. ஆனால் அந்தச் சுற்று இல்லாமல் ஆலைக்குக் கீழே கிடைக்கும் எண்ணை வைத்துக்கொண்டு யாரிடமும் எதையும் நிரூபிக்க முடியாது.